இரண்டு தூளி வைத்த பால்வாடி

பசுவந்தனையிலிருந்து உள்ளே போகும் மினிபஸ் கடைசியாகத் திரும்பும் ஊர் அது. பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் பக்கத்து ஊர்க்காரர்கள் "நல்லவேளை, நம்ம ஊர் இல்லை" என்று மூச்சு விட்டுவிடுவார்கள். அந்த நிம்மதியை அவர்களுக்குக் கொடுக்க எனக்கு மனமில்லை.

அந்த ஊர் அங்கன்வாடியின் பணியாளர் உமாராணி. ஊருக்கு அது இன்னும் பால்வாடிதான், அவர் டீச்சர்தான். பிறந்தது கோவில்பட்டியில். அம்மா தீப்பெட்டி ஆபீசில் பெட்டி ஒட்டிப் படிக்கவைத்தார். பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் இந்த ஊர் மேலத்தெருவில் திருப்பதிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். திருப்பதிக்கு மழையை நம்பிய கரிசல் நிலம். ஒரு வருஷம் உளுந்து, ஒரு வருஷம் மக்காச்சோளம், மழை ஏமாற்றினால் கடன். பதினோரு வருஷத்துக்கு முன் உமாராணிக்கு இந்த வேலை கிடைத்தபோது அந்த வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

நல்ல டீச்சர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுவார், பேன் பார்ப்பார், முட்டை போடும் நாளில் ஒவ்வொரு பிள்ளையும் கடைசி வாய் விழுங்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். மேலத்தெருப் பிள்ளை, காலனிப் பிள்ளை என்று பிரித்து ஒருநாளும் கையோங்கியதில்லை, முகம் சுளித்ததில்லை. கெட்ட மனுஷி ஒருத்தி செய்த காரியம் என்றால் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

அங்கன்வாடியில் மாதத்துக்கு ஒரு நாள் எடை நாள். உத்தரத்துக் கொக்கியில் வட்ட முகம் கொண்ட தராசு தொங்கும். அதற்கு அடியில் ஒரு துணித் தூளி. குழந்தையை அதில் உட்கார்த்தினால் முள் சுற்றி வந்து நிற்கும். அதை டீச்சர் அரசாங்கம் கொடுத்த கைபேசியில் பதிவார். வயதுக்கு ஏற்ற எடை இருந்தால் பச்சை. குறைந்தால் மஞ்சள். மிகவும் குறைந்தால் சிவப்பு. சிவப்பு விழுந்தால்தான் தனிச் சத்துணவு, மருத்துவமனை, வீட்டுக்கு வந்து பார்க்கும் நர்ஸ் எல்லாம். எனக்கு விதியில் நம்பிக்கை கிடையாது. ஆனால் இரண்டு வயதுக் குழந்தைக்கு விதி என்று ஒன்று உண்டென்றால் அது அந்த முள்தான்.

உமாராணியின் முதல் எடை நாளிலேயே சண்டை வந்தது. மேலத்தெருவில் அதிக நிலம் உள்ள வீட்டுக்காரி முத்துமாரியம்மாள், தன் மகள் வயிற்றுப் பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். அப்போதுதான் காலனிக் குழந்தை ஒன்றைத் தூளியிலிருந்து இறக்கியிருந்தார்கள்.

"ஏட்டி உமா, இதுலயா எம் பேரனப் போடச் சொல்லுத?"

"இதுலதான்க்கா. அரசாங்கத் தூளி இது ஒண்ணுதான் இருக்கு."

"அந்தப் புள்ள இப்பத்தான இதுல கால ஆட்டிக்கிட்டு இருந்துச்சு."

"துவைச்சுப் போடுதேன்க்கா."

"துவைச்சாப் போயிருமா?" என்றார் முத்துமாரியம்மாள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். காலனித் தாய்மார்களும் அங்கேதான் நின்றார்கள்.

அந்த மாதமே மேலத்தெருப் பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். மையத்தில் பாதி காலி. பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மையத்தைப் பக்கத்து ஊரோடு சேர்த்துவிடுவார்கள் என்று பேச்சு வந்தது. பக்கத்து ஊர், நடந்துபோக முடியாத தூரம். உமாராணி யோசித்தார். சண்டையில்லாமல் எதையும் முடிப்பதில் அவர் கெட்டிக்காரர். புகுந்த வீட்டில் அப்படித்தான் பேர் வாங்கியிருந்தார். உதவியாளர் ராஜமணியைக் கூப்பிட்டு இன்னொரு தூளி தைக்கச் சொன்னார்.

ராஜமணி அக்கறையாகத் தைத்தார். மக்காச்சோளம் கட்டும் சணல் சாக்கை இரண்டாக மடித்து, பிள்ளை நழுவிவிடாமல் இருக்க வாய்ப்புறத்தில் மரக்கட்டை கோத்து, தொங்கவிட இரண்டு இரும்பு வளையமும் போட்டார். அரசாங்கத்து வெள்ளைத் துணித் தூளி மேலத்தெருவுக்கு. சாக்குத் தூளி காலனிக்கு. எது யாருக்கு என்று ஒருவரும் கேட்கவில்லை, ஒருவரும் சொல்லவில்லை. தண்ணீர் பள்ளத்துக்குப் போவதுபோல அது தானாகவே அப்படிப் போய்ச் சேர்ந்தது. காலனித் தாய்மார்களில் ஒருத்தி சாக்கைத் தொட்டுப் பார்த்து "நல்லா வலுவா இருக்கு டீச்சர்" என்றுகூடச் சொன்னாள்.

மேலத்தெருப் பிள்ளைகள் திரும்பி வந்தார்கள். மையம் நிறைந்தது.

இடையில் புதிதாக டிஜிட்டல் தராசு ஒன்று வந்தது. அதில் தூளி கிடையாது. எல்லாக் குழந்தையும் ஒரே தட்டில்தான் படுக்க வேண்டும். ஒரே மாதத்தில் அதன் பேட்டரி தீர்ந்தது. பேட்டரி வாங்கிவர அந்த ஊரில் ஒருவருக்கும் நேரம் கிடைக்கவில்லை.

நான் அதிர்ந்த இடம் இதற்கு அடுத்ததுதான். சில வருஷங்களுக்கு முன் பணியாளர்களுக்கு ஒரு பயிற்சி நடந்தது. எல்லாக் குழந்தையையும் சமமாக அரவணைக்கும் மையம் எப்படி இருக்க வேண்டும் என்பது பற்றி. சுவரெல்லாம் கைகோத்து நிற்கும் குழந்தைப் படங்கள். பயிற்சி கொடுக்க வந்தவர், யார் மையத்தில் எல்லாத் தெருப் பிள்ளையும் வருகிறது என்று கேட்டார். உமாராணி எழுந்து நின்றார். எப்படிச் சாதித்தீர்கள் என்று கேட்டதும் இரண்டு தூளி வைத்த கதையை அப்படியே சொன்னார். ஒளிக்கவில்லை. ஒளிக்க வேண்டிய விஷயம் என்று அவருக்குத் தோன்றவில்லை. அறை முழுக்கக் கைதட்டியது. பயிற்சியாளரும் தட்டினார். சமத்துவம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த அறையில், ஒரு கைகூடத் தட்டாமல் நிற்கவில்லை. அடுத்த எடை நாளுக்குள் வேறு இரண்டு ஊர்களில் சாக்கு வாங்கித் தூளி தைத்துவிட்டார்கள்.

இப்போது பிரேமலதாவுக்கு வருகிறேன். காலனிப் பெண். கணவன் மாரிசெல்வம் புதியம்புத்தூரில் ரெடிமேட் தையல் யூனிட்டில் வேலை. வாரத்துக்கு ஒரு முறைதான் ஊருக்கு வருவான். அவர்களுக்கு இரண்டு வயதில் ஒரு மகள், வெண்பா. போன கோடையிலிருந்தே பிரேமலதா சொல்லிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், புள்ள மெலிஞ்சுக்கிட்டே வாரா. இடுப்புல தூக்குனா கனமே தெரியல."

"ஒன்பது கிலோவுக்கு மேல இருக்கா. பச்சைதான் காட்டுது. ஒனக்குத்தான் எப்பப் பாத்தாலும் பயம்."

"விலா எலும்பு தெரியுது டீச்சர்."

"ஒன்னப் பாரு. நீ மட்டும் என்ன குண்டாவா இருக்க? ஒன்ன மாதிரிதான இருப்பா."

பிரேமலதா சிரித்துவிட்டுப் போவாள். தராசு பொய் சொல்லாது என்று படித்தவர் சொல்லும்போது வேறென்ன செய்வது? தாயின் கைக்குத் தெரிந்ததைத் தாயே நம்பாமல் விட்டாள்.

இந்த ஆடியில் வெண்பாவுக்கு வயிற்றுப்போக்கு வந்தது. கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அங்கே நர்ஸ் எடை போட்டுப் பார்த்துவிட்டு, "எட்டுகூட இல்லியேம்மா, இவ்வளவு நாளா எங்க போயிருந்த?" என்று திட்டினார். மருந்து கொடுத்தார்கள். உங்கள் அங்கன்வாடியில் இதுவரை பதிந்த எடை என்ன என்று கேட்டு வா, படுக்கை போட வேண்டியிருக்கும் என்று அனுப்பினார்கள்.

பிரேமலதா மறுநாள் காலையில் குழந்தையோடு நேராக மையத்துக்கு வந்தாள். அன்று எடை நாள். முத்துமாரியம்மாள் அடுத்த பேரனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தராசில் வெள்ளைத் தூளி தொங்கியது.

"இவளப் போடுங்க டீச்சர்."

ராஜமணி சாக்குத் தூளியை எடுக்கப் போனார்.

"அது வேண்டாம். இதுலயே போடுங்க."

"ஏட்டி, அதத் தொடாத!" என்றார் முத்துமாரியம்மாள்.

பிரேமலதா திரும்பினாள். "பெரியாஸ்பத்திரியில எல்லாப் புள்ளையையும் ஒரே தட்டுலதான் போடுதாவ. போன மாசம் உங்க பேரனும் அதுலதான் படுத்தான். அவனுக்குக் கொம்பா மொளச்சிருக்கு?"

"நேத்து வர வாயத் தொறக்காம இருந்தா, இன்னிக்கிப் பேச்சப் பாரு!"

"நேத்து வர எம் மவ எட்டுக்குக் கீழன்னு தெரியாது."

வயிற்றுப்போக்கில்தான் எடை குறைந்தது என்று பிரேமலதா நினைத்தாள், தூளியில் தப்பு இருக்கும் என்று அவளுக்கு எந்த எண்ணமும் இல்லை. பிள்ளை சாகக் கிடக்கிறாள். இனிமேலும் சாக்கில் போடமாட்டேன் என்ற வீம்பு மட்டும்தான். உமாராணிக்கும் வழக்கமான எண்ணம்தான்: ஒரு தடவை போட்டுக் காட்டினால் வாயை மூடிக்கொண்டு போய்விடுவாள், துணியை அப்புறம் அலசிக்கொள்ளலாம். குழந்தையை வாங்கி வெள்ளைத் தூளியில் உட்கார்த்தினார்.

முள் எட்டுக்குக் கீழே நின்றது.

உமாராணி தராசைத் தட்டினார். முள் அசைந்து அங்கேயே வந்து நின்றது. "வயித்தால போயி கொறஞ்சிருக்கும்" என்று முணுமுணுத்துக்கொண்டே குழந்தையை எடுத்து, வெள்ளைத் தூளியைக் கழற்றிச் சாக்குத் தூளியை மாட்டி அதில் வைத்தார். ஒன்பது. மறுபடி வெள்ளை. எட்டுக்குக் கீழ். குழந்தை அழக்கூடச் சத்தில்லாமல் இங்கும் அங்கும் போய்வந்தது. கடைசியில் அதைத் தாயிடம் கொடுத்துவிட்டு, வெறும் சாக்குத் தூளியை மட்டும் தொங்கவிட்டார்.

முள் ஒரு கிலோவைத் தாண்டி நின்றது. தூளிக்குள் குழந்தையே இல்லை.

தூளியின் கனம் கணக்கில் சேராதிருக்க, வெறும் தூளியைத் தொங்கவிட்டு முள்ளைப் பூஜ்யத்துக்குத் திருகி வைப்பார்கள். உமாராணி பதினோரு வருஷத்துக்கு முன் வெள்ளைத் தூளியை வைத்துத் திருகியவர். அந்த மெல்லிய துணிக்குக் கனமே கிடையாது. பிறகு சாக்கும் கட்டையும் இரும்பு வளையமும் வந்தபோது தராசின் திருகாணியைத் தொடவேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. காலனிப் பிள்ளைகள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதமும் ஒரு கிலோ சாக்கைச் சேர்த்துத்தான் எடை காட்டியிருக்கிறது. மஞ்சளில் விழவேண்டியவர்கள் பச்சையில் நின்றார்கள். சிவப்பில் விழவேண்டியவர்களும்.

தீண்டாமை பற்றி நான் நிறையப் படித்திருக்கிறேன். மனத்தில் இருக்கிறது என்றார்கள், சாத்திரத்தில் இருக்கிறது என்றார்கள். அது ஒரு கிலோவும் சொச்சமும் கனக்கும், அந்தக் கனத்தைப் பசித்த பிள்ளையின் சதை என்று அரசாங்கமே நம்பும் என்று எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை.

பிரேமலதா கத்தவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினாள். அன்றே வெண்பாவைப் படுக்கையில் சேர்த்தார்கள்.

மையத்தில் முத்துமாரியம்மாள் மட்டும் அப்படியே உட்கார்ந்திருந்தார். அவருக்கும் முகம் வெளுத்துத்தான் போனது. "பாவம், பச்சப் புள்ளைக" என்றார். நிஜமாகவே கண் கலங்கினார். பிறகு சொன்னார்: "சரி விடு உமா. இன்னொரு தராசு நான் வாங்கித் தாரேன். ஒண்ணுல சாக்குக்குத் தக்கன திருகி வச்சுக்கோ. உபயம்னு எம் பேரப் போட்டுரு."

கண்ணீரும் வருகிறது, இரண்டாவது தராசும் வருகிறது. தூளி ஒன்றாகலாம் என்பது மட்டும் அந்தத் தலையில் வரவில்லை.

இரண்டு நாள் கழித்து மேற்பார்வையாளர் விஜி ஸ்கூட்டியில் வந்தார். உமாராணிதான் தகவல் சொல்லியிருந்தார். விஜி கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்.

"காலனிப் பிள்ளைங்க எல்லாரையும் திரும்பப் போட்டுப் பாத்தீங்களா?"

"வெள்ளைத் தூளில போட்டுட்டேன் மேடம். முக்கால்வாசிப் பேரு பச்சை இல்ல."

"போன்ல ஏத்திட்டீங்களா?"

"இன்னும் இல்ல."

"நல்லவேளை. ஏத்தாதீங்க. ஒரே மாசத்துல இத்தனை பிள்ளை விழுந்தா மேலிடத்துலேருந்து கேள்வி வரும். உங்களப் பாத்து தச்ச அந்த ரெண்டு ஊரும் மாட்டும். பயிற்சியில கைதட்டுன நாங்களும்தான். மாசம் நூறு நூறு கிராமாக் குறைச்சுக்கிட்டே வாங்க. ஒரு வருஷத்துல சரியாயிரும்."

"அதுவரைக்கும் சத்துணவு?"

"சும்மா குடுங்க, பதியாம."

"பதியாம எங்கேருந்து மேடம் வரும்?"

விஜி ஸ்கூட்டிச் சாவியை எடுத்தார். கிளம்பும்போது, "உங்க வேலைக்காகத்தான் சொல்றேன் உமா" என்றார். அதுவும் உண்மைதான். வீட்டில் திருப்பதியும் அதையே சொன்னார்: "மேடம் சொல்லுத மாதிரி செய்யிட்டி. இந்த வருசம் உளுந்தும் போச்சு. ஒன் சம்பளமும் போனா என்ன செய்ய?"

உமாராணி இரண்டு நாள் எதையும் ஏற்றவில்லை. பதிவு முடிக்க வேண்டிய கெடு நெருங்கியது. நூறு நூறு கிராமாகக் குறைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவரும் என்னிடம் அப்படித்தான் சொன்னார். கண்ணுசாமி வராமல் இருந்திருந்தால்.

கண்ணுசாமி காலனிக்காரர். வேலிக்கருவை வெட்டிக் கரிமூட்டம் போடுபவர். பிள்ளைகள் போன பிறகு மைய வாசலில் வந்து நின்றார். அவரைப் பார்த்ததுமே எதற்கு வந்திருக்கிறார் என்று உமாராணிக்குத் தெரிந்துவிட்டது.

"டீச்சர், எம் மவன் லிங்கராஜையும் அந்தச் சாக்குலதான போட்டீங்க?"

"ஆமா."

"அப்ப அவன் பச்ச இல்ல."

உமாராணி கொக்கியில் தொங்கிய தராசைப் பார்த்தார்.

"காய்ச்சல் வந்தப்ப எம் பொண்டாட்டி டவுனுக்குப் போவோம்னா. நாந்தான், 'போன வாரம்தான டீச்சர் பச்சன்னு சொல்லிச்சு, தாங்கிக்கிடுவான்'னு இங்கனயே மாத்திர வாங்கிக் குடுத்தேன். மூணு வருசமா எம் பொண்டாட்டி என்னையத் திட்டிக்கிட்டுக் கெடக்கா. சும்மா கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்."

அடிக்க வரவில்லை. சத்தம் போடவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பதைப்போலக் கேட்டார். அதுதான் தாங்க முடியாமல் போயிற்று.

லிங்கராஜ் உண்மையான எடை தெரிந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று யாராலும் சொல்ல முடியாது. நான் மருத்துவன் அல்ல. இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லவும் மாட்டேன். ஆனால் அவன் தகப்பன் முன்னதாகவே பஸ் ஏறியிருப்பார். அது நிச்சயம்.

உமாராணி கண்ணுசாமியை உட்காரச் சொன்னார். அவர் உட்காரவில்லை. அவர் நின்றுகொண்டிருக்கும்போதே உமாராணி கைபேசியை எடுத்து, காலனிப் பிள்ளைகள் ஒவ்வொருவரின் எடையையும் உள்ளபடி ஏற்றினார். திரையில் பச்சை ஒவ்வொன்றாக மாறியது. காரணம் கேட்ட இடத்தில், தனித் தூளி வைத்து எடை போட்டதால் வந்த தவறு, அதற்கு நானே பொறுப்பு என்று எழுதினார். மற்ற இரண்டு ஊர்களின் பெயரையும் எழுதினார்.

"ஏத்திட்டேன் அண்ணாச்சி" என்றார். அதுவரை பதினோரு வருஷமும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருந்தார்.

கண்ணுசாமி தலையாட்டிவிட்டுப் போனார்.

மறு வாரம் உமாராணிக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. கைதட்டிய யாருக்கும் வரவில்லை. அடுத்த எடை நாளில் தராசில் ஒரே ஒரு தூளிதான் தொங்கியது. மேலத்தெருவிலிருந்து ஒரு பிள்ளையும் வரவில்லை. திருப்பதியின் பங்காளிகள் வீட்டு விசேஷத்துக்கு இவர்களை அழைக்கவில்லை. ஒரு கிலோ சாக்கு காலனிப் பிள்ளைகளை ஏமாற்றியபோது கொதிக்காத ஊர், ஒரு துணி பொதுவானதும் கொதித்தது. சத்துணவு மட்டும் வரத் தொடங்கியிருக்கிறது, காலனிப் பிள்ளைகளுக்கு.

அதன் பிறகுதான் உமாராணி கோவில்பட்டி ஆஸ்பத்திரிக்குப் போனார். வெண்பா இன்னும் படுக்கையில்தான் இருந்தாள். மாரிசெல்வம் லீவு போட்டு வந்து மருந்து வாங்கக் கீழே போயிருந்தான். பிரேமலதா கட்டிலோரத்தில் உட்கார்ந்து குழந்தைக்குக் கரண்டியில் ஊட்டிக்கொண்டிருந்தாள். உமாராணியைப் பார்த்தாள். எழுந்திருக்கவில்லை.

"உக்காருங்க டீச்சர்னு சொல்ல எனக்கு வாய் வரல."

"நிக்கேன் பிரேமா. நீ ஊட்டு."

குழந்தை இரண்டு கரண்டி விழுங்கியது. மூன்றாவதைத் துப்பியது. பிரேமலதா துடைத்துவிட்டு மறுபடி ஊட்டினாள்.

"தேறிக்கிட்டு வாராளா?" என்றார் உமாராணி.

"டாக்டர் தேறிருவான்னு சொல்லுதாவ. தூக்குனா எனக்கும் கொஞ்சம் கனம் தெரியுது." கரண்டியை நிறுத்திவிட்டு நிமிர்ந்தாள். "நான் சொன்னா நம்புவீங்களா?"

"நம்புதேன்."

"இப்ப நம்பி என்ன செய்ய டீச்சர்?"

மாரிசெல்வம் மருந்தோடு படியேறி வந்தான். யார் நிற்பது என்று பார்த்தான். கட்டிலின் மறுபக்கம் போய் உட்கார்ந்தான். உமாராணி, குழந்தை கிண்ணத்தை முடிக்கும்வரை நின்றுவிட்டு, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினார்.